ஒயரிங் முடித்துக் கொடுத்த வீட்டில் நியூட்ரல் போய் டிவி, ஃபிரிட்ஜ் எரிந்துவிட்டன: என் பாலிசியில் கிளைம் கிடைக்குமா?

உடுமலை மின்பணி:
வணக்கம். உடுமலைப்பேட்டையில் லைசென்ஸ் எடுத்து மின்பணி ஒப்பந்தம் செய்கிறேன். தனியாள் நிறுவனம், இரண்டு வயர்மேன், ஒரு ஹெல்பர். சில மாதங்களுக்கு முன் ஒரு மாடி வீட்டுக்கு முழு ஒயரிங் செய்து, த்ரீ பேஸ் மெயின் போர்டும் பொருத்திக் கொடுத்தேன். இதுவரை ஒரு புகாரும் இல்லை.

போன வாரம் இரவு அந்த வீட்டில் சில விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்திருக்கின்றன, சில மங்கிவிட்டன. வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி நான்கும் போய்விட்டன. நான் போய்ப் பார்த்தபோது போர்டில் நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பித்தளைத் துண்டு) கருகிக் கிடந்தது.

1,86,000 ரூபாய் கேட்கிறார். பாதி கொடுத்தால்கூடப் போதும் என்கிறார். என்னிடம் கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி பாலிசி (தொழிலால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) இருக்கிறது. முகவரைக் கேட்டால், "வேலையை ஒப்படைத்துவிட்டீர்கள், இனி பாலிசி செல்லாது, தவறான வேலைக்கும் பணம் வராது" என்கிறார். ஊருக்குள் பெயர் கெடக் கூடாது. கையிலிருந்து கொடுத்து முடித்துவிடலாமா? புது லிங்க் உடனே மாற்றித் தரும்படியும் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "என் தவறுதான்" என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் கொடுக்கவோ கூடாது என்று இந்த வகைப் பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். நல்ல மனதோடு பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கிளைமுக்கு வந்து கைவிரிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முகவரிடம் வாயால் சொன்னதோடு நிற்காமல், இன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தகவல் கொடுங்கள்.

முகவர் சொன்ன இரண்டுமே அரைகுறை. ஒப்படைத்த பிறகு நேரும் சேதத்துக்கென்றே 'கம்ப்ளீட்டட் ஆபரேஷன்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் பாலிசி ஷெட்யூலில் (எதற்கு எவ்வளவு காப்பு என்று போட்டிருக்கும் தாளில்) அந்த வரி இருக்கிறதா, அதற்கு எவ்வளவு தொகை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் முகவர் சொல்வது சரி. இருந்தால் அவர் சொல்வது தவறு.

தவறான வேலை என்பதற்கும் எல்லை இருக்கிறது. லிங்கை மாற்றும் செலவும் அதற்கான கூலியும் உங்களுடையவை. அதைப் பாலிசி தராது. அந்த லிங்கால் எரிந்துபோன ஃபிரிட்ஜ் வேறு கணக்கு. உங்கள் வேலையால் அடுத்தவர் பொருளுக்கு நேர்ந்த சேதம் அது. சட்டப்படி பொறுப்பு உங்கள் மேல் வந்தால் அதை ஏற்கத்தான் இந்தப் பாலிசி.

லிங்க் விஷயத்தில் அவசரம் வேண்டாம். குழந்தைகளோடு இருட்டில் இருக்கச் சொல்ல முடியாது, உண்மைதான். நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, தொடுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒயர்களைக் கழற்றாமல், ஒரு சாண் விட்டு வெட்டி, லிங்கோடு அப்படியே எடுத்துப் பையில் போட்டு, வீட்டுக்காரர் கையெழுத்தோடு முத்திரை வையுங்கள். அந்தப் பித்தளைத் துண்டு குப்பைக்குப் போனால் பிறகு யார் என்ன சொன்னாலும் நிரூபிக்க முடியாது.

ஈரோடு காண்ட்ராக்டர்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் மூன்று பேஸின் லோடும் ஒன்றோடொன்று தொடராகச் சேர்ந்துவிடும். லோடு குறைவாக இருக்கும் பேஸில் 230 வோல்ட் 300-ஐத் தாண்டும்; 400-ஐ நெருங்கவும் செய்யும். லோடு அதிகமான பேஸில் விளக்கு மங்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். "எம்.சி.பி. ஏன் விழவில்லை, மட்டமான சரக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டத்தை, ஆர்.சி.சி.பி. பார்ப்பது கசிவை. இரண்டும் ஓவர் வோல்டேஜுக்கு விழுபவை அல்ல. இதைப் பொறுமையாக எழுதியே கொடுத்துவிடுங்கள்.

நியூட்ரல் மீட்டருக்கு முன்னால் போனதா, பின்னால் போனதா என்று, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முதலில் கேட்பார். அக்கம்பக்கத்து வீடுகளில் அன்றிரவு ஒன்றும் ஆகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்தான். அடுத்த கேள்வி எனக்கும் தெரிய வேண்டும்: நீங்கள் ஒப்படைத்த பிறகு அந்தப் போர்டை வேறு யாராவது திறந்தார்களா?

உடுமலை மின்பணி:
அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தேன். லிங்கின் முதல் துளையில் மெயினிலிருந்து வரும் 10 சதுர மி.மீ. நியூட்ரலோடு 4 சதுர மி.மீ. ஒயர் ஒன்றும் சேர்த்துத் திணிக்கப்பட்டிருக்கிறது. திருகு அந்தச் சின்ன ஒயரைத்தான் கடித்திருக்கிறது. பெரிய ஒயர் ஒரு பக்கமாக ஒதுங்கி, முனை உருகி மணி மணியாக நிற்கிறது. ஒப்படைத்த அன்று எடுத்த படத்தில் அந்தத் துளையில் ஒரே ஒயர்தான். கோடையில் ஏ.சி. பொருத்த வந்தவர் போர்டிலிருந்து லைன் எடுத்ததாக வீட்டுக்காரரே சொல்கிறார். ஒப்படைத்த அன்றைய மெகர் சோதனை (ஒயரின் காப்புத் திறனைப் பார்க்கும் சோதனை) தாளும் வீட்டுக்காரர் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது.

ஷெட்யூலில் கம்ப்ளீட்டட் ஆபரேஷன்ஸ் 10 லட்சம் என்று இருக்கிறது. ஒவ்வொரு கிளைமிலும் முதல் 10,000 ரூபாய் நான் ஏற்க வேண்டுமாம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும். ஆனாலும் வீட்டுக்காரருக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம், நிறுவனம் எழுதட்டும். இப்படிப்பட்ட பாலிசிகளில் உங்கள் சார்பில் வாதாடும் செலவும் பொதுவாக அடங்கும். பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

நிறுவனம் கிளைமை மறுத்தால், எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளம். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (குறைகேட்பாளர்). தனியாள் நிறுவனங்களின் பாலிசிகளும் அங்கே எடுத்துக்கொள்ளப்படும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

காரைக்குடி வயர்மேன்:
இழைக்குள் ஒரு சந்தேகம். ஹெல்பர் ஏணியிலிருந்து விழுந்தால் இதே பாலிசி போதுமா?

ஈரோடு காண்ட்ராக்டர்:
போதாது. நம் ஆள்களுக்கு ஏற்படும் காயம் இதில் வராது. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். அதில் ஆள் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் உள்ளபடி காட்டுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று இரண்டு பேரைக் காட்டிவிட்டு மூன்று பேரை வேலைக்கு வைத்தால், விழுகிறவன் எந்தக் கணக்கில் வருவான்? அவன் குடும்பம்தான் தெருவில் நிற்கும். வண்டியில் இருந்த கருவிகள் திருட்டுப் போவதற்கும் வேறு பாலிசிதான். பூட்டை உடைத்த அடையாளமும் எஃப்.ஐ.ஆரும் கேட்பார்கள்.

உடுமலை மின்பணி:
தகவல் தெரிவிக்க வந்தேன். சர்வேயர் வந்து பையைப் பிரித்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சேர்த்த இணைப்பே காரணம், எங்கள் பாலிசிதாரர் மீது பொறுப்பு இல்லை என்று நிறுவனம் வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அவர்களே வாதாடுவார்களாம். வீட்டுக்காரர் முதலில் கோபப்பட்டார். எரிந்தது அவர் காசு, கோபம் வராமல் இருக்காது. படங்கள், சோதனைத் தாள் எல்லாவற்றின் நகலையும் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். ஏ.சி. பொருத்தியவரிடம் அவர் நஷ்ட ஈடு கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் கேட்டபடி ஓவர் வோல்டேஜ் பாதுகாப்புக் கருவியும் பொருத்திவிட்டேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
நல்லது தம்பி. பாலிசி 'கிளைம்ஸ் மேட்' வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வகையானால், கோரிக்கை வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். பழைய வேலைகளுக்கான முன்தேதியும் (எந்த நாளிலிருந்து செய்த வேலைகளுக்குக் காப்பு என்ற தேதி) புதுத் தாளில் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.