யாரும் பேர் சொல்லாத பேஸ்பால் பிளேயர்ஸ், உங்க லிஸ்ட்ல யாரு?

கொருக்குப்பேட்டை செகண்ட்பேஸ்:
வணக்கம் மக்களே. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு விடியக்காலைல நாலரைக்கு பேஸ்பால் போட்டு உக்கார்ற ஆளுங்க நம்ம ஏரியாலயும் சில பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். பேப் ரூத், ஜாக்கி ராபின்சன், இப்போ ஓட்டானி, இவங்கள எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் செமையா இருந்தும் பேர் வெளில வராமயே போன ஆளு யாரு உங்களுக்கு?

என் ஆளு லூ விட்டேக்கர். டெட்ராய்ட் டைகர்ஸ், 1977ல இருந்து 1995 வரைக்கும் ஒரே டீம், செகண்ட் பேஸ்ல ஃபீல்டிங். 1978ல ரூக்கி ஆஃப் த இயர் (சிறந்த புதுமுகம்), 1984ல வேர்ல்ட் சீரிஸ்னு சொல்ற சாம்பியன்ஷிப் ஜெயிச்சாரு, மொத்தம் 2369 ஹிட், 244 ஹோம் ரன். பக்கத்துல ஷார்ட்ஸ்டாப்ல (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவுல நிக்கிற இடம்) ஆலன் டிராமல். ரெண்டு பேரும் ஜோடியா 1900 மேட்ச்சுக்கு மேல ஆடினாங்க, டிராமல் பந்த எடுத்து போடும்போது இவர் ஏற்கனவே பேஸ் மேல வந்துகினு இருப்பாரு, ஓடி வர்றவன் காலுக்கு மேல தாவி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவாரு, அவசரப்பட்ட மாதிரியே இருக்காது. டிராமல 2018ல ஹால் ஆஃப் ஃபேம்ல, அதான் பெரிய ஆட்டக்காரங்கள கௌரவிக்கிற இடத்துல, சேத்துட்டாங்க. விட்டேக்கருக்கு 2001ல பேஸ்பால் பத்திரிகைக்காரங்க போட்ட முதல் ஓட்டுலயே 2.9 சதவீதம் தான். அஞ்சுக்குக் கீழ போனா அடுத்த வருஷம் லிஸ்ட்ல பேரே வராதுன்னு ரூல், அதோட முடிச்சிட்டாங்க. ஜோடில ஒருத்தர மட்டும் உள்ள கூப்பிட்டு இன்னொருத்தர வாசல்ல நிறுத்துறது என்னா நியாயம்?

தண்டையார்பேட்டை பிட்சர்:
ப்ரோ கரெக்டா சொன்ன. எம்விபி (வருஷத்தோட சிறந்த பிளேயர் விருது) வாங்கல, பேட்டிங் சாம்பியன் ஆகல, வருஷா வருஷம் ஒரே மாதிரி நல்லா ஆடிகினே இருந்தாரு, அப்டி ஆடுறவன ஓட்டு போடுறவங்களுக்கு ஞாபகமே இருக்காது. 1985 ஆல் ஸ்டார் மேட்ச்சுக்கு (தேர்ந்தெடுத்த ஸ்டார் பிளேயர்ஸ் ஆடுறது) யூனிஃபார்ம கார் பின் சீட்லயே வுட்டுட்டு மின்னியாபோலிஸ் போய்ட்டாரு. ஸ்டேடியம் கடைல ரசிகருங்க வாங்குற ஜெர்சி ஒண்ண வாங்கி முதுகுல மார்க்கர்ல தன்னோட நம்பர் 1ன்னு எழுதிகினு ஆடினாரு. அந்த ஜெர்சி ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு! சட்டைக்கு இடம் குடுத்துட்டாங்க, ஆளுக்கு இன்னும் குடுக்கல.

என் ஆளு டேவ் ஸ்டீப், டொரோன்டோ ப்ளூ ஜேஸ் பிட்சர். 1988 செப்டம்பர்ல அடுத்தடுத்த ரெண்டு மேட்ச்ல கடைசி ஒன்பதாவது இன்னிங்ஸ் ரெண்டு அவுட் வரைக்கும் ஒரு ஹிட் கூட குடுக்கல, கடைசி ஆளுக்கு ரெண்டு ஸ்ட்ரைக் வேற (மூணு ஆனா அவுட்), ரெண்டு தடவையும் அங்க தான் போச்சு. அதுல ஒண்ணு பந்து தரைல பட்டு ஏடாகூடமா எகிறி ஃபீல்டர் தலைக்கு மேல போச்சு, பிட்ச்சர் மேல தப்பே இல்ல. 1989லயும் அதே கதை. 1990 செப்டம்பர் 2 கிளீவ்லேண்ட்ல தான் முழுசா முடிச்சாரு, ப்ளூ ஜேஸுக்கே முதல் நோ ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட குடுக்காத மேட்ச்). அவருக்கும் ஓட்டுல 1.4 சதவீதம் தான்.

ராயபுரம் ராஜி:
நான் லாரி டோபி பேர சொல்றேன். நிறத் தடைய உடைச்சு பெரிய லீக்குக்கு ராபின்சன் வந்து பதினோரு வாரத்துல, 1947 ஜூலை 5, கிளீவ்லேண்டுக்கு ஆட வந்தாரு, ரெண்டு பெரிய லீக்ல ஒண்ணான அமெரிக்கன் லீக்ல முதல் கருப்பின வீரர். ராபின்சனுக்கு மைனர் லீக்ல ஒரு வருஷம் பழக நேரம் குடுத்தாங்க, இவரு நேத்து வரைக்கும் கருப்பினத்தவங்களுக்குன்னு தனியா இருந்த நீக்ரோ லீக் டீம்ல ஆடிட்டு மறுநாளே பெரிய லீக் டிரஸ்ஸிங் ரூம்குள்ள போனாரு, அங்க சில பேரு கைகூட குடுக்கல. வசை, தனி ஹோட்டல், எல்லாமே ராபின்சன் பட்டத இவரும் பட்டாரு, ஆனா ரெண்டாவதா வந்ததால யாரும் கேக்கல. 1948 வேர்ல்ட் சீரிஸ் நாலாவது மேட்ச்ல இவர் ஹோம் ரன்ல ஜெயிச்சப்ப வெள்ளக்கார பிட்சர் ஸ்டீவ் க்ரோமெக் இவர கன்னத்தோட கன்னம் வெச்சு கட்டிப்புடிச்ச ஃபோட்டோ இருக்கு, தேடிப் பாருங்க, எனக்கு அத பாத்தா கண்ணு கலங்கும். ராபின்சனுக்கு 1962ல ஹால் ஆஃப் ஃபேம், டோபிக்கு 1998. முப்பத்தாறு வருஷம் கழிச்சு!

பெரம்பூர் பெரியவர்:
பசங்களா, கர்ட் ஃப்ளட்ட மறந்துட்டீங்களே. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் சென்டர் ஃபீல்டர், ஏழு கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது). 1969ல அவர கேக்காமயே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தினாங்க. நான் விக்கிறதுக்கு வாங்குறதுக்கு சரக்கு இல்லன்னு பேஸ்பால் கமிஷனருக்கே லெட்டர் போட்டு கோர்ட்டுக்குப் போனாரு. அப்போ ஆடிகினு இருந்த ஒரு பிளேயர் கூட விசாரணைக்கு வந்து உக்காரல, ராபின்சன் மாதிரி ஓய்வு பெற்றவங்க தான் வந்து சாட்சி சொன்னாங்க. 1972ல சுப்ரீம் கோர்ட்ல 5க்கு 3ன்னு தோத்தாரு, ஆட்டமும் போச்சு, சம்பாத்தியமும் போச்சு. மூணு வருஷத்துல மத்தவங்களுக்கு தன் டீம தானே தேர்ந்தெடுக்கிற உரிமை கிடைச்சுது, இன்னிக்கு கோடி கோடியா வாங்குறவன் எல்லாம் அந்த வழில வந்தவன் தான். எங்க தாத்தா பின்னி மில் தொழிலாளி, 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்ச கதையெல்லாம் சொல்லிச் சொல்லி வளத்தாரு, அதனால எனக்கு ஃப்ளட் மேல தனி மரியாதை. இன்னும் ஹால் ஆஃப் ஃபேம்ல இல்ல.

வியாசர்பாடி ஸ்ட்ரைக்கர்:
எல்லாம் சரி, நம்ம ஊர்ல கேரம்ல ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சார் ரோட்ல நடந்து போனா எத்தினி பேருக்கு அடையாளம் தெரியும்? அர்ஜுனா விருது வாங்கினவரு. இந்தப் பேச்சுல அவர் பேரும் இருக்கணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

கொருக்குப்பேட்டை செகண்ட்பேஸ்:
கண்டிப்பா இருக்கணும் ப்ரோ, அதுக்கு தனியா ஒரு திரெட் போடு, நானும் வரேன்.

பெரியவரே, ஃப்ளட் 1997லயே போய்ட்டாரு, அது தான் எனக்கு பயமே. டிக் ஆலன்னு இன்னொரு பிளேயர் 2020ல செத்தாரு, 2024 டிசம்பர்ல தான் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தாங்க, அவர் கேக்க இல்ல. விட்டேக்கருக்கு, பழைய பிளேயர்ஸ மறுபடி பாக்குற கமிட்டில 2019ல 16ல 6 ஓட்டு, 12 வேணும். 2022 லிஸ்ட்ல பேரயே போடல. மனுஷன் உயிரோட இருக்கும்போதே கூப்பிடுங்கய்யா.

எண்ணூர் புதுசு:
அண்ணே, நான் இப்போ தான் பேஸ்பால் பாக்க ஆரம்பிச்சிருக்கேன், விட்டேக்கர் ஆட்டம் பாக்கணும்னா எதுல ஆரம்பிக்கட்டும்?

கொருக்குப்பேட்டை செகண்ட்பேஸ்:
1984 வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது மேட்ச், சான் டியாகோ கூட. கிர்க் கிப்சன் ஹோம் ரன் தான் எல்லாரும் போட்டுக் காட்டுவாங்க, நீ முழு மேட்ச்ச தேடி எடு தம்பி, டைகர்ஸ் ஃபீல்டிங் பண்ணும்போது செகண்ட் பேஸ்லயே கண்ண வெய். புரியாத ரூல் எதுனா இருந்தா இங்கயே கேளு, சொல்றேன்.