புதுப்பிப்பு: திசு விரிப்பான்களோடு ஆறாவது வாரம்

மார்பகங்களை அகற்றித் திசு விரிப்பான்கள் (மார்பகத்தை மீண்டும் உருவாக்க, தோலை மெல்ல விரிவாக்கும் பைகள்) வைத்த பத்தாம் நாளில், காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய்களோடு எப்படித் தூங்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. தினசரி வடிநீர் 30 மில்லிக்குக் கீழே குறைந்ததும் குழாய்களை எடுத்துவிட்டார்கள்.

இப்போது, விரிப்பானில் ஊசி செலுத்தும் இடத்தைச் சிறு காந்தத்தால் கண்டறிந்து, தோலில் பேனாவால் குறியிட்டு, உப்புநீரை 60 மில்லி ஏற்றுகிறார்கள். தோல் மரத்திருப்பதால் ஊசி வலிக்கவில்லை, ஆனால் அன்றிரவு மார்பை இறுக்கிக் கட்டியதுபோல் இருந்து, இரண்டு நாளில் தளர்கிறது. பல விரிப்பான்களுக்குள் காந்தம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்பவரிடம் இதை மறக்காமல் தெரிவியுங்கள்.

நேற்று, சுவரில் விரல்களை மெல்ல ஏற்றும் பயிற்சியில், கை தலைக்கு மேலே எட்டியபோது அழுதுவிட்டேன்.