ஸ்டீல் ஸ்லாக் (எஃகு ஆலைக் கசடு) கரியமில வாயுவைக் குடிக்குமாமே, பேவர் பிளாக்குக்கு ஆகுமா?

பேவர்_யூனிட்:
சேலம் பக்கம் சின்னதாக ஒரு பேவர் பிளாக் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு லாரிக்காரர், "ஸ்டீல் ஸ்லாக் இருக்கு, வாடகை மட்டும் கொடுங்க" என்கிறார். கனடாவில் சிமென்ட்டே போடாமல், ஸ்லாக்கைக் கரியமில வாயுவில் வைத்துக் கல்லாக இறுக்குகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நாமும் ஒரு அறைக்குள் கல்லை அடுக்கி, சிலிண்டரைத் திறந்துவிட்டால் ஆகுமா? மாதிரிக்கு ஒரு மூட்டை வாங்கியிருக்கிறேன். கறுப்பாக, கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கிறது.

பழைய_எல்டி_ஷாப்:
தம்பி, பளபளக்கிறது என்றீர்களே, அங்கேயே எனக்குச் சந்தேகம். 31 வருஷம் எல்.டி. கன்வர்ட்டர் (உருகிய இரும்பை எஃகாக்கும் உலை) பக்கத்தில் வெந்தவன் நான். கன்வர்ட்டர் ஸ்லாக் மங்கலான சாம்பல் நிறம், ஓட்டை ஓட்டையாக இருக்கும், உடைத்தால் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளி தெரியும். அந்த வெள்ளை சுண்ணாம்பு. வாயுவைப் பிடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். உங்கள் மூட்டை இண்டக்‌ஷன் ஃபர்னஸ் சரக்காக, அதாவது பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் உலையின் கசடாக இருக்கலாம். அதில் உள்பூச்சே சிலிக்கா மணல், ஸ்லாக்கிலும் மணல்தான் அதிகம். அது எதையும் குடிக்காது.

நல்ல ஸ்லாக் என்றாலும் பச்சையாகப் போடக்கூடாது. சும்மா கிடக்கிறதே என்று வீட்டு முற்றத்துக்கு அடியில் நிரப்பி, மேலே சிமென்ட் பூசினேன். இரண்டாவது மழைக்குத் தரை பொரித்த அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது. கொத்திப் பார்த்தால் உள்ளே கோலிக்குண்டு அளவு வெள்ளைக் கட்டி, விரலால் அழுத்தினால் திருநீறு. ஸ்லாக்கில் கரையாமல் தங்கிய சுண்ணாம்பு தண்ணீர் பட்டு நீறி, ஏறக்குறைய இரண்டு பங்காக உப்பியிருக்கிறது. வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். கரியமில வாயு முன்னாடியே அதைப் பிடித்துச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றியிருந்தால், உப்ப வேண்டியது அப்போதே உப்பி அடங்கியிருக்கும். என்னைக் கேட்டால் இந்த வேலையின் பெரிய லாபம் அதுதான், கார்பன் கணக்கு அப்புறம்.

சிலிண்டர் யோசனையை விடுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், வாசனை கிடையாது, தரையோடு தேங்கும். கிணற்றுக்குள் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்ப்பார்களே, அதே ஆபத்துதான். ஆள் நுழைகிற அறையில் வேண்டவே வேண்டாம்.

கெமிஸ்ட்ரி_லேப்:
ஐயா சொன்னதோடு ஒரு கணக்கு. ஒரு டன் எஃகுக்குக் கன்வர்ட்டரில் சுமார் 100 முதல் 150 கிலோ ஸ்லாக். 150 என்றே வைத்து, அதில் 45 சதவீதம் கால்சியம் ஆக்சைடு என்றால், முழுக்க வினைபுரிந்தாலும் பிடிபடும் கரியமில வாயு 53 கிலோ. அதே ஒரு டன் எஃகைச் செய்யும்போது வெளியேறும் வாயு சுமார் 2 டன். போதாததற்கு, அந்தச் சுண்ணாம்பே சூளையில் சுட்டபோது வாயுவை விட்டுவிட்டு வந்ததுதான். கடனில் ஒரு பகுதியைத் திருப்புகிறது, அவ்வளவே.

நடைமுறையில் 53-ம் வராது. துகளின் மேல் சுண்ணாம்புக்கல் தோல் படிந்து உள்ளே வழியை அடைத்துவிடும். மாவாக அரைத்தால் சரியாகும், ஆனால் கரண்ட் பில் எகிறும். காய்ந்து கிடந்தாலும் வினை நடக்காது, தண்ணீரில் மூழ்கினாலும் மந்தம்தான். பிசுபிசுப்பான ஈரம் வேண்டும்.

இயற்கையில் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தில் டெர்வென்ட் ஹோ கடற்கரை. பழைய ஆலைகள் கொட்டிய கசடு கடல்நீரும் காற்றும் பட்டுப் பாறையாகவே இறுகிவிட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2025-ல் வெளியிட்ட ஆய்வு. பாறைக்குள் 1934-ஆம் வருஷத்து நாணயம் ஒன்றும், 1989-க்கு முன் வந்திருக்கவே முடியாத டின் மூடி வளையம் ஒன்றும் சிக்கியிருந்தன. பாறை உருவாக 35 வருஷம் போதுமாக இருந்திருக்கிறது!

மூட்டையைச் சோதிக்க, தூளைத் தண்ணீரில் கலக்கிப் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விடுங்கள். சுண்ணாம்பு இருந்தால் ரோஸ் நிறம் வரும்.

பேவர்_யூனிட்:
பையனின் பள்ளி லேபில் கேட்டு வாங்கினேன். என் தூளில் நிறமே வரவில்லை. சொட்டு மருந்துதான் கெட்டுப்போனதோ என்று அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பில் விட்டேன், பளீரென்று ரோஸ். மூட்டையைத் திருப்பிவிட்டேன். இப்போது லாரிக்காரர், "வெள்ளைப் புள்ளி போட்ட லோடு வேற இருக்கு" என்கிறார்!

பழைய_எல்டி_ஷாப்:
அதிலும் முதலில் சொட்டு விட்டுப் பாருங்கள். வாங்கினால் இறக்கியதும் கலவையில் போடாதீர்கள். உடைத்து, மெலிதாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு மழைக்காலமாவது வெளியில் கிடக்கட்டும். அப்புறம் பத்து கல் மட்டும் போட்டு, உங்கள் வாசலில் பதித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வாசலில் வேண்டாம்.