வழிகாட்டி மதிப்புக் குறைப்பு: யாருக்குச் சலுகை?

பொருநைக்கரையான்:
பத்திரப் பதிவுக்கான வரியைக் கணக்கிட அரசு தெருவாரியாக நிர்ணயிக்கும் நில மதிப்பே வழிகாட்டி மதிப்பு. 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33 விழுக்காடு குறைத்ததை, மனை வணிகத்துக்கு உயிர் கொடுத்த சலுகை என்று பலர் எழுதுகிறார்கள். அப்போதே பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்ந்ததை யாரும் சொல்வதில்லை. 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள மனைக்கு அதுவரை முத்திரைத்தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் 8 விழுக்காடு, அதாவது 2,40,000 ரூபாய் கட்டினோம். பிறகு 20,10,000 ரூபாய்க்கு 11 விழுக்காடாக 2,21,100 ரூபாய் கட்டினோம். மிச்சம் வெறும் 18,900 ரூபாய். இதை நம்பி யார் வீடு கட்டத் துணிவார்கள்?

கொங்குமனையார்:
ஐயா, கணக்கு சரி, காலத்தை விட்டுவிட்டீர்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. 2012இல் உயர்த்திய வழிகாட்டி மதிப்போ எங்கள் பக்கத்துச் சில தெருக்களில் சந்தை விலையையே தாண்டி நின்றது. விலை பேசி முடித்த என் தம்பி, பேசிய விலைக்கு இல்லாமல் வழிகாட்டி மதிப்புக்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும் என்றதும், சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து எழுதிய பத்திரத்தோடு திரும்பி வந்தான். மதிப்பு குறைந்த பிறகுதான் அந்தக் கிரயம் முடிந்தது.

பொருநைக்கரையான்:
அப்படியானால் அந்தத் தெருக்களில் மட்டும் குறைத்திருக்க வேண்டும். முத்திரைத்தீர்வை 5 விழுக்காடும் பதிவுக் கட்டணமும் அரசுக்கு; சொத்து மாற்று வரி 2 விழுக்காடு உள்ளாட்சிக்கு. மேற்சொன்ன மனையில் அரசின் பங்கு 1,80,000 ரூபாயிலிருந்து 1,80,900 ஆனது, உள்ளாட்சியின் பங்கு 60,000 ரூபாயிலிருந்து 40,200 ஆகச் சரிந்தது. மனைக்கு விலை ஏற்றித் தரும் சாலையையும் குடிநீரையும் தர வேண்டிய ஊராட்சியின் பணத்தில் அரசு சலுகை வழங்கியது என்பதே என் வருத்தம்.

நெடுவயல்:
அரசு நிலம் எடுக்கும்போது, 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டாரக் கிரயப் பத்திரங்களின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதைப் பார்த்தே இழப்பீடு கணக்கிடுகிறார்கள். பத்திரத்திலும் வழிகாட்டி மதிப்பையே எழுதிப் பழகிய ஊரில் இரண்டும் சேர்ந்து இறங்கும்; இழப்பு விவசாயிக்கு.

கொங்குமனையார்:
அதை ஏற்கிறேன். ஆனால் 2023 ஏப்ரலில் பழைய மதிப்பைத் திருப்பிக் கொண்டுவந்து பதிவுக் கட்டணத்தை 2 விழுக்காடாக்கியதில், அதே மனைக்கு 2,70,000 ரூபாய் ஆனது; இது 2017க்கு முந்தைய நிலையைவிடக் கூடுதல். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு குறைக்கப்பட்டுள்ளது. உள்ளாட்சியின் பங்கைத் தொடாத அந்தக் குறைப்பை, முதல் வீடு வாங்கும் எல்லோருக்கும் 30 லட்சம் வரை நீட்டிக்கச் சொல்கிறேன். அதற்கு உங்கள் மறுப்பு என்ன?