'கில்' என்பது 'கொல்'லா?

வேர்நோக்கி: ஆங்கிலத்தின் 'கில்' என்னும் வினை தமிழின் 'கொல்'லிலிருந்து பிறந்தது என்று வடகரையார் நேற்று எழுதியதைப் படித்த பின் சும்மா இருக்க இயலவில்லை. 13ஆம் நூற்றாண்டளவில் எழுத்தில் தலைகாட்டும்போது அச்சொல்லுக்கு அடித்தல் என்றே பொருள். உயிரைப் போக்குதல் என்பது பின்னர் நிலைத்தது. கொல்வதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'க்வெல்லன்' இருந்தது. அதுவே இன்று அடக்குதலைக் குறிக்கும் 'க்வெல்'. வதைத்தலைக் குறிக்கும் ஜெர்மன் 'க்வேலன்' அதன் உறவு. 'கில்'லும் இக்குடும்பமாகலாம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. மேலும், 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் கிரிம் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, 'கங்கை'யில் முதலில் ஒலிக்கும் ககரம் ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் 'கடல்' என்பதன் ககரமாக வலித்தது. இனத்தைக் குறிக்கும் லத்தீன் 'கெனுஸ்' என்பதன் உறவுச்சொல் ஆங்கிலத்தில் 'கின்' என்று நிற்பது அப்படித்தான். ஆகவே 'கில்'லின் மூலத்தில் கங்கைக் ககரம் இருந்திருக்க வேண்டும். 'கொல்'லில் இருப்பதோ கடல் ககரம். இதற்கு என்ன விடை?

வடகரை: 'கில்'லின் தோற்றம் உறுதியில்லை என்று ஆங்கில அகராதிகளே கைவிரிக்கின்றன. தமக்குத் தெரியாது என்பவர்கள் பிறர் சொல்வதை மறுப்பது எந்த ஊர் நியாயம்? கன்னடத்தில் 'கொல்லு', மலையாளத்தில் 'கொல்லுக', கொல்லாமைக்கென்றே குறளில் ஓர் அதிகாரம். ஐரோப்பியர் சொன்னால் விதி, நாம் சொன்னால் வெறியா?

வேர்நோக்கி: குறளில் 'கொல்' உண்டு என்பதை யார் மறுத்தார்? நான் கேட்டது ககரத்தை. குறளைத்தான் காட்டுவீர்கள் என்றால், 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று ஐயப்பொருளில் வரும் 'கொல்'தான் தங்கள் கூற்றுக்குப் பொருந்தும்.

எழுத்தாணி: கிரிம் விதி வழிவழியாக வந்த சொற்களுக்கே உரியது, கடனாகப் பிற்காலத்தில் வந்த சொல்லை அது கட்டுப்படுத்தாது. வேர்நோக்கியார் ஒரே ககரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஏனோ?

வேர்நோக்கி: கடன் என்றால் வழி இன்னும் குறுகுகிறது. ஆங்கிலேயர் சென்னையில் கோட்டைக்கு இடம் பெற்றது 1639இல். 'கில்' அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு மூத்தது. சொல் நீந்திப் போயிற்றா?

வடகரை: யவனர் நம் மிளகை ஏற்றிச் சென்றபோது மொழியையும் ஏற்றிச் சென்றிருக்கலாம் என்பது தங்களுக்குத் தோன்றவில்லையா?

வேர்நோக்கி: தோன்றியது, பார்த்தேன். லத்தீனில் கொல்வதற்கு 'ஒக்கிதெரே', 'நெகாரே'; கிரேக்கத்தில் 'க்தெய்னெயின்'. மிளகை வாங்கியவர்கள் வாயில் நிற்காத சொல், அவர்களைத் தாண்டி ஆங்கிலேயர் வாயில் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது? ஒலி ஒத்தால் போதும் என்றால், பாரசீகத்தில் கெட்டதற்குப் 'பத்' என்பார்கள், ஆங்கிலத்தில் 'பேட்' என்பார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. மீண்டும் கேட்கிறேன்: ககரம்?

வடகரை: 'கேஷ்' என்னும் சொல் காசிலிருந்து வந்தது என்று நான் எழுதியபோதும் இதே ஏளனத்தோடுதான் பிரெஞ்சு மொழியைக் காட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

வேர்நோக்கி: மறக்க வேண்டாம், திருத்திக்கொள்ளுங்கள். சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' நம் காசுதான். போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதற்குத்தான் சிரித்தேன். அந்த இழையில் 'வேர்சொல்' என்று ஒற்றில்லாமல் ஏழு இடத்தில் எழுதியிருந்தீர்கள், அதற்கும் சேர்த்துத்தான்.

எழுத்தாணி: ஒற்றை எண்ணுகிறவர், 'ஸ்லே' என்னும் கொலைச்சொல்லும் முதலில் அடித்தலையே குறித்தது என்பதை ஏன் சொல்லவில்லை? ஜெர்மனில் 'ஷ்லாகன்' இன்றும் அடித்தல்தானே. தங்கள் கட்சிக்கு உதவும் சான்றையே விட்டுவிட்டீர்கள்.

வேர்நோக்கி: விடவில்லை, அடுத்ததற்கு வைத்திருந்தேன்.

வடகரை: பார்த்தீர்களா, அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 'கில்', 'கொல்' என்று இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காது பொய் சொல்லாது.

வேர்நோக்கி: சொல்லிப் பார்த்தேன். இரண்டிலும் கடல் ககரம்தான் கேட்டது, அதுதான் வழக்கே.