அக்கி வந்தவரின் மூக்கு நுனியைப் பாருங்கள்

தோல் ஓபியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வந்த ஒரு பெரியவரைப் பற்றி, இப்போது தோல் போஸ்டிங்கில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

இடப்பக்க நெற்றி முழுக்கக் காவி. குயவரிடம் அக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தார். "எழுதினதும் எரிச்சல் கொஞ்சம் அடங்குச்சுங்க. கண்ணுதான் கூசுது" என்றார். எங்கள் புரொபசர் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரிங்க ஐயா, துடைச்சுப் பார்த்துக்கலாம்" என்று சலைனில் நனைத்த பஞ்சை என்னிடம் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் பெரியவர் அப்படியே எழுந்து போயிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காவிக்குக் கீழே கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. மூக்கு நுனியில், இடது ஓரமாக இரண்டு. அதுதான் ஹட்சின்சன் அறிகுறி. மூக்கு நுனிக்கும் கருவிழிக்கும் உணர்வு தருவது ஒரே நாசோசிலியரி நரம்பு என்பதால், அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் பாதிக்கப்பட வாய்ப்பு மிக அதிகம். ஆனால் நுனி சுத்தமாக இருக்கிறது என்று கண்ணை விட்டுவிடாதீர்கள். அந்த அறிகுறி இல்லாதவர்களுக்கும் கண் பாதிப்பு வருகிறது.

கண் பிரிவில் பார்த்தபோது அவருக்கு யுவைடிஸ் (கண்ணுக்குள் அழற்சி) இருந்தது, கண் அழுத்தமும் ஏறியிருந்தது. மரப்புச் சொட்டு விடுவதற்கு முன்பே பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டு உணர்வைப் பார்த்தார்கள். இந்த வரிசையை மறக்காதீர்கள். சொட்டு விட்ட பிறகு தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியாது.

வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, அன்றே தொடங்கினோம். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். கண் பாதித்திருந்தால் அந்த நேரம் கடந்திருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று. கூட வந்த மகள் ஆறு மாத கர்ப்பிணி. அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். புரொபசர் அவரிடம் திரும்பி, "சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டிருக்காம்மா?" என்று கேட்டார். அக்கிக் கொப்புளத்து நீரிலிருந்து, அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றும். நல்லவேளை, மூன்றாவது படிக்கும்போதே வந்துபோயிருந்தது. கேஸ் ஷீட்டில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. இப்போது அக்கி என்று யார் வந்தாலும் கூட வந்தவர்களிடமும் கேட்டுவிடுகிறேன்.