டிராகனைட்டுக்கு அவுட்ரேஜா, டிராகன் க்ளாவா? நொடிச் சேதக் கணக்கில் சந்தேகம்

மழைக்கால வேட்டை:
வணக்கம். 'போக்கிமான் கோ' கைப்பேசி விளையாட்டில் என்னிடம் 40-ஆம் நிலை டிராகனைட் (டிராகன் வகைப் போக்கிமான்) ஒன்று இருக்கிறது. அதன் முதல் வடிவமான டிராட்டினியாகப் பிடித்து, 125 மிட்டாய் சேர்த்து வளர்த்தது. தாக்குதல் ஐவி (பிறவித் திறன் புள்ளி) 15. இப்போது அதன் ஃபாஸ்ட் அட்டாக் (அடிக்கடி செய்யும் சிறு அடி) டிராகன் டெயில், சார்ஜ்டு அட்டாக் (எனர்ஜி சேர்ந்த பின் செய்யும் பெரிய அடி) அவுட்ரேஜ். கையில் சார்ஜ்டு டிஎம் (சார்ஜ்டு அட்டாக்கை வேறொன்றாக மாற்றும் பொருள்) ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ரெக்வாசா ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஒரு பெரிய போக்கிமானை எதிர்க்கும் சண்டைக்கு) முன் அதைச் செலவழித்து, டிராகன் க்ளா கிடைக்குமா என்று பார்க்கலாமா?

என் கணக்கு இது. டெயில் 15 பவர், 1.1 நொடி; நொடிக்கு 13.6. அவுட்ரேஜ் 110 பவர், 3.9 நொடி, நொடிக்கு 28.2. க்ளா 50 பவர், 1.7 நொடி, நொடிக்கு 29.4. டெயிலோடு கூட்டினால் அவுட்ரேஜுக்கு 41.8, க்ளாவுக்கு 43.0. ஆக க்ளாதான் முந்துகிறது. ஆனால் என் தம்பி அவுட்ரேஜை மாற்றவே கூடாது என்கிறான். காரணம் கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

எண்ணும் எழுத்தும்:
கூட்டிய இடத்தில்தான் தவறு. டிராகனைட் ஒரே நேரத்தில் இரண்டு தாக்குதலையும் செய்வதில்லை. ஒன்றைச் செய்யும்போது மற்றொன்று நின்றுவிடுகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தாலும் சரியாகாது, ஏனென்றால் இரண்டுக்கும் செலவாகும் நேரம் சமமில்லை.

நீங்கள் தந்த எண்கள் 2019-இல் இருந்த பட்டியலோடு பொருந்துகின்றன. அதில் விட்டுப்போனது எனர்ஜி. டெயில் ஒவ்வொரு அடிக்கும் 9 எனர்ஜி தரும். அவுட்ரேஜுக்கு 50 வேண்டும், க்ளாவுக்கு 33. ஒரு சார்ஜ்டு அட்டாக் முடிந்து அடுத்தது முடியும் வரை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-ஐ 9-ஆல் வகுத்தால் சராசரியாக 5.56 டெயில். அதற்கு 6.1 நொடி, அவுட்ரேஜுக்கு 3.9 நொடி, மொத்தம் 10 நொடி. சேதம் 83.3-உம் 110-உம் சேர்ந்து 193.3. ஆகவே நொடிக்கு 19.3.

க்ளாவுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். ஒருமுறை கையால் போட்டால் பிறகு மறக்காது.

மழைக்கால வேட்டை:
போட்டேன். 3.67 டெயில், 4.03 நொடி. க்ளாவோடு சேர்த்து 5.73 நொடி. சேதம் 55-உம் 50-உம் சேர்ந்து 105. நொடிக்கு 18.3 வருகிறது! தனியாக வேகமான க்ளா, சுற்றில் பின்தங்கிவிடுகிறது. எனர்ஜியைப் பார்த்தால் காரணமும் தெரிகிறது: அவுட்ரேஜ் ஓர் எனர்ஜிக்கு 2.2 சேதம் தருகிறது, க்ளா 1.5 தான்.

இன்னொரு சந்தேகம். நேற்று கைக்கடிகாரம் வைத்து அளந்தேன். பல சுற்றுகள் 10 நொடிக்கு முன்பே முடிந்துவிட்டன. சூத்திரத்தில் இன்னும் ஏதாவது விட்டுப்போகிறதா?

சாயங்கால ரெய்டு:
நீங்கள் வாங்கும் அடியும் எனர்ஜி தருகிறது. இழக்கும் ஒவ்வொரு எச்பிக்கும் (உயிர்ப் புள்ளிக்கும்) 0.5 எனர்ஜி. எதிரி பலமாக அடித்தால் அவுட்ரேஜ் சீக்கிரம் தயாராகும். உதாரணத்துக்கு, நொடிக்கு 6 எச்பி இழக்கிறீர்கள் என்றால் 3 எனர்ஜி கூடுதல். அப்போது அவுட்ரேஜ் சுற்று 7.3 நொடியாகச் சுருங்கி 21.4 தரும், க்ளா 20.0. வரிசை மாறவில்லை.

இதுவரை போட்டது வெறும் பவர் கணக்கு. திரையில் குறையும் எச்பி வேண்டுமென்றால் ஒவ்வோர் அடிக்கும் தனியாகப் போட வேண்டும்: பவரில் பாதி, அதை உங்கள் தாக்குதலுக்கும் எதிரியின் தற்காப்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, தாக்குதல் உங்கள் போக்கிமானின் சொந்த வகையானால் 1.2, எதிரி அதற்குப் பலவீனமானால் 1.6 பெருக்கி, பின்னத்தை விட்டுவிட்டு 1 கூட்ட வேண்டும். ரெக்வாசாவுக்கு எதிரே உங்கள் விகிதம் ஏறத்தாழ 1.5. டெயில் 22, அவுட்ரேஜ் 159, க்ளா 73 வரும். சுற்றுக்குப் போட்டால் 28.1-உம் 26.8-உம். ஃபாஸ்ட் அட்டாக்காக ஸ்டீல் விங் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதற்கு அந்த 1.2-உம் இல்லை, 1.6-உம் இல்லை. பெருக்கலைச் சுற்றின் முடிவில் மொத்தமாகச் செய்தால் விடை தப்பிவிடும்.

எண்ணும் எழுத்தும்:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் கம்யூனிட்டி டே என்ற சிறப்பு நாளில் டிராகோ மீட்டியர் கிடைத்ததே, அதற்கு 150 பவர், 3.6 நொடி, 100 எனர்ஜி. இதே முறையில் போட்டால் 20.0, காகிதத்தில் அவுட்ரேஜை விட அதிகம். ஆனால் எனர்ஜி 100-க்கு மேல் ஏறாது. ஆகவே நிரம்பிய பிறகு நீங்கள் தாமதித்தால் வருவதெல்லாம் வீண். 90-இல் டிராகனைட் மயங்கிவிட்டால் அந்த 90-உம் போயிற்று. அந்த இழப்பு இந்தச் சூத்திரத்தில் தெரியாது. நான் அவுட்ரேஜைத்தான் நம்புவேன். எதிரியின் அடியிலிருந்து விலகி விலகி ஆடுகிறவர்களுக்கு மட்டும், கிடைத்த சின்ன இடைவெளியில் முடிந்துவிடும் க்ளா கைகொடுக்கும்.

ரெக்வாசா டிராகன், பறக்கும் வகை இரண்டும் ஆனதால் பனித் தாக்குதலுக்கு 1.6 இருமுறை பெருகி 2.56 ஆகிறது. பவுடர் ஸ்னோ, அவலாஞ்ச் என்ற பனித் தாக்குதல்கள் உள்ள மாமொஸ்வைன் இருந்தால் அதை முதலில் இறக்குங்கள்.

மழைக்கால வேட்டை:
மிகவும் நன்றி. டிஎம்-ஐ பையிலேயே வைத்துவிட்டேன். மாமொஸ்வைன் ஒன்று இருக்கிறது, அதற்கும் இதே சுற்றுக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தம்பியிடம் நோட்டைக் காட்டினேன். அவனுடைய டிராகோ மீட்டியர் டிராகனைட்டை நாளை ரெய்டுக்கு எடுத்துவருகிறான். அது எத்தனை முறை பாதி எனர்ஜியோடு மயங்குகிறது என்று எண்ணிக் குறித்துவந்து இங்கே எழுதுகிறேன்.